நூறிலிருந்து ஏழு

உயரமானி இரண்டாயிரத்து எண்ணூறு அடி காட்டியது. நான் போய் இறங்க வேண்டிய ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து எழுநூறு அடி உயரத்தில் இருக்கிறது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் என் கையில் மிச்சமிருக்கும் உயரம் தெரிந்துவிடும்.

கழித்தேன். இரண்டாயிரத்து அறுநூறு என்று வந்தது.

சந்தேகம் வந்து மறுபடியும் கழித்தேன். இரண்டாயிரத்து முந்நூறு. மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது, எதிலிருந்து எதைக் கழிக்கிறேன் என்பதே மறந்துபோனது.

கிளைடருக்கு இஞ்சின் கிடையாது. சின்ன விமானம் ஒன்று கயிறு கட்டி மேலே இழுத்துக்கொண்டு போய் விட்டுவிடும். அதன் பிறகு நாம் ஒவ்வொரு நொடியும் கீழே இறங்கிக்கொண்டேதான் இருப்போம். வெயிலில் சுட்ட தரையிலிருந்து சூடான காற்று எழும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குள் சுற்றிச் சுற்றி மேலே ஏற வேண்டும். பிறகு அடுத்த இடத்தைத் தேடி ஓட வேண்டும். போட்டி என்பது, சொன்ன ஊர்களையெல்லாம் இப்படியே சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே சீக்கிரம் வந்து சேர்வது.

வழக்கமாக உயரக் கணக்கை முன்னால் இருக்கும் சின்னக் கணினி போட்டுவிடும். அன்று அது வெயில் தாங்காமல் அணைந்துவிட்டது. ஓடுபாதை இன்னும் இருபது கிலோமீட்டர். அதை ஒட்டினாற்போல் முன்னால் பத்து கிலோமீட்டர் அகலத்துக்கு யூக்கலிப்டஸ் காடு. காட்டுக்குள் இறங்க ஒரு கைக்குட்டை அளவு இடம்கூடக் கிடையாது. காட்டைத் தாண்ட உயரம் போதுமா என்பதைத்தான் அந்தக் கழித்தல் எனக்குச் சொல்ல வேண்டும்.

"இஞ்சின் இல்லாமயா?"

ஈப்போவில் என்னிடம் யாராவது இந்தப் பறத்தலைப் பற்றிக் கேட்டால் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். "இஞ்சின் இல்லாமயா? ஒன்ன தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்லா" என்பார்கள். எங்கள் பேராக் மாநிலத்தில் பிறந்த யாருக்கும் அந்தக் கேலிக்கு விளக்கம் தேவையில்லை.

என் அக்கா சரோஜாவுக்கு மட்டும் அந்தக் கேலி பிடிக்காது. அவள் அந்த ஊரிலிருக்கும் மனநல மருத்துவமனையில் முப்பது வருடம் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். "அங்க இருக்கிறவங்க யாரும் இந்த வேலைய செய்யல" என்பாள்.

எனக்கும் அவளுக்கும் பன்னிரண்டு வயது வித்தியாசம். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தோம். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்கான செம்பனை நட்ட பிறகு குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. தோட்டத்து நாட்களில் எனக்கு நினைவிருப்பது வயிற்றுப் பூச்சிக்குக் கொடுக்கும் மருந்துதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோட்டத்து ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள். அம்மா ரப்பர் பால் வெட்டப் போயிருப்பாள். அக்கா என் மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். ஊற்றிய பிறகும் விடமாட்டாள். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, உள்ளே பார்த்த பிறகுதான் மூக்கை விடுவாள். பின்னாளில் அதுவே அவளுக்கு உத்தியோகமாக அமைந்தது.

என் வேலை செம்பனை ஆலைகளில். கொதிகலன்களின் அழுத்தமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுப்பது. கம்பெனி என்னை இரண்டு வருடம் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியபோது, ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் ஒரு கிளைடர் மன்றத்தில் எட்டிப் பார்த்தேன். அப்போது பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. வருட விடுப்பையெல்லாம் சேர்த்து வைத்து, ஜனவரியில் அங்கே போட்டிக்குப் போய்விடுவேன்.

நம் ஊரில் மதியம் மேகம் கறுத்தால் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோம். அங்கே அதே மேகத்தைத் தேடி ஓட வேண்டும், அதன் அடியில்தான் மேலேற்றும் காற்று இருக்கும். அந்தப் பயம் போகவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

போட்டிக்கு ஒரு துணை ஆள் அவசியம். கிளைடர் வழியில் எங்காவது வயலில் இறங்கிவிட்டால், நீளமான டிரெய்லரைக் காரில் கட்டிக்கொண்டு வந்து, இறக்கைகளைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போக வேண்டும். இந்தத் தடவை அக்காவைக் கேட்டேன். "சும்மாதானே இருக்கேன், வாரேன்" என்றாள்.

நாய்க்குப் போன ரொட்டி

முந்தைய இரண்டு போட்டிகளிலும் நான் ஏதாவது ஒரு நாள் யாரோ ஒருவருடைய வயலில் இறங்கியிருக்கிறேன். ஒரு தடவை மன்றத்தின் கொட்டகைக் கூரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். பரிசு என் கனவிலேயே கிடையாது. ஐந்து நாளும் புறப்பட்ட ஓடுபாதையிலேயே வந்து இறங்க வேண்டும், ஒரே ஒரு தடவையாவது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முருகனிடம் அதைத்தான் கேட்டேன். ஐந்து நாளும் முழுதாகத் திரும்பி வந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். பால்குடம் என்றால் விரதம். இருபத்தொரு நாள், ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் பொழுது சாய்ந்து விளக்கேற்றிய பிறகு. போட்டியின் ஐந்து நாளும் அந்த இருபத்தொன்றுக்குள் விழுந்தன.

வெறும் வயிற்றோடு, நாற்பது டிகிரி வெயிலில், கண்ணாடி மூடிக்குள் ஐந்து மணி நேரம் பறப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். விரதத்துக்குத் தண்ணீர் தடையில்லை என்பதும் தெரியும். ஆனால் நான் அதையும் குறைத்தேன். கஷ்டப்பட்டால்தான் கேட்டது கிடைக்கும் என்று ஒரு பிடிவாதம். அது போக, குடித்தால் அடக்க முடியாது. ஆண்களுக்கு ஒரு குழாய் போதும், பெண்களான எங்களுக்கு அது பெரிய கூத்து. இரண்டு காரணமும் சேர்ந்து ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிக்கொண்டன.

அக்காவிடம் சொல்லவில்லை. அவள் கல்யாணத்தின்போது கிறிஸ்தவளாகி இருபத்தெட்டு வருடம் ஆகிறது. வீட்டில் அப்போது நடந்த சண்டைக்குப் பிறகு, வேண்டுதல், விரதம் என்ற பேச்சையே நாங்கள் இருவரும் தொடுவதில்லை. தொட்டால் புண் திறந்துகொள்ளும் என்று இருவருக்கும் பயம்.

"பசியாறிட்டியா?" என்று காலையில் கேட்பாள். "ஆச்சுக்கா, நீ தூங்கிக்கிட்டு இருந்த" என்பேன். அவள் கட்டிக் கொடுத்த ரொட்டியை மன்றத்து நாய்க்குப் போட்டேன். நான்காம் நாள் அது என்னை விட்டு அகலவே இல்லை. இருக்கைக்குப் பின்னால் மூன்று லிட்டர் தண்ணீர்ப் பை இருக்கும். நாலு மடக்கு குடித்துவிட்டு, மிச்சத்தைச் சாயங்காலம் டிரெய்லருக்குப் பின்னால் ஊற்றிவிட்டு, காலிப் பையை அக்காவிடம் கொடுப்பேன். அவள் வாங்கிக் கழுவி வைப்பாள்.

நாலு நாளும் ஓடுபாதையிலேயே வந்து இறங்கினேன். முருகன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று உறுதியாக நம்பினேன்.

ரேடியோவில் அக்கா

ஐந்தாம் நாள்தான் முதலில் சொன்ன நாள். முந்நூறு கிலோமீட்டர்ச் சுற்றில் இருநூற்று எண்பது முடிந்துவிட்டது. வியர்ப்பது நின்று வெகுநேரமாகியிருந்தது. நல்லதுதான் என்று நினைத்தேன். தலைக்குள் ஒரு ரைஸ் மில் ஓடிக்கொண்டிருந்தது.

போட்டி விதிப்படி "இருபது கிலோமீட்டர்" என்று ரேடியோவில் சொன்னேன். உடனே அக்காவின் குரல் வந்தது. கையில் ஒரு சின்ன ரேடியோ வைத்திருந்தாள்.

"பாப்பா, கேக்குதா?"

"கேக்குதுக்கா. வந்துக்கிட்டே இருக்கேன்."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்."

"எவ்வளவு?"

இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுப் பையைத் தொட்டேன், அது கனமாகவே இருந்தது.

"சரி. நூறுலேருந்து ஏழு கழிச்சா எவ்வளவு?"

"என்னக்கா இது, நான் இங்க காட்டத் தாண்டணும்..."

"கழி."

வீட்டில் கேட்காத குரல் அது. வார்டில் இருந்த குரலாக இருக்க வேண்டும்.

"தொண்ணூத்தி மூணு."

"அதுலேருந்து ஏழு."

"எம்பத்தி ஆறு."

"அதுலேருந்து?"

எண்பத்தாறை மனத்துக்குள் பிடித்து வைக்கப் பார்த்தேன். அது நழுவியது. உயரமானியின் முள் இதற்குள் இன்னும் நூறு அடி இறங்கியிருந்தது.

"எம்பது... இல்ல, எழுவத்தி... எம்பது."

"பாப்பா, கீழ எறங்க எடம் இருக்கா?"

இருந்தது. எனக்கு இடப்பக்கம் அறுவடை முடிந்த பெரிய கோதுமை வயல், வெளுத்துக் கிடந்தது. "இருக்கு. ஆனா நான் வந்துருவேன்க்கா. இன்னும் கொஞ்ச தூரந்தான்லா."

"எறங்கு."

"இன்னைக்கி வந்துட்டா அஞ்சு நாளும்க்கா. வேண்டுதல்..." வாய் தவறி வந்துவிட்டது.

"தெரியும். எறங்குடி."

என் வாழ்நாளில் அக்காவை அந்த நிமிடம் வெறுத்ததுபோல் வெறுத்ததில்லை. கல்யாணம் கட்டிக்கொண்டு சாமியை விட்டுவிட்டுப் போனவள், இப்போது என் வேண்டுதலையும் கெடுக்க வந்துவிட்டாள் என்றுதான் தோன்றியது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் தோன்றியது அதுதான். ரேடியோவுக்குப் பதில் சொல்லாமல் கிளைடரின் மூக்கைக் காட்டின் பக்கமே வைத்திருந்தேன்.

சிவப்பு அட்டை

இன்னும் ஒரு தடவை கழித்துப் பார்த்தேன். இந்தத் தடவை ஆயிரத்துத் தொள்ளாயிரம் வந்தது. கழித்தது எதிலிருந்து என்று தெரியவில்லை.

கொதிகலன் ஒன்றின் மானியைச் சோதிக்கும்போது, ஒரே அழுத்தத்தை மூன்று தடவை கொடுத்துப் பார்ப்போம். மூன்று தடவையும் ஒரே எண்ணைக் காட்டினால், அது தப்பான எண்ணாக இருந்தாலும் திருத்திவிடலாம். மூன்று தடவைக்கு மூன்று எண் காட்டினால் பேச்சே கிடையாது. அதில் சிவப்பு அட்டை கட்டிவிட்டு, ஆலையை நிறுத்தச் சொல்ல வேண்டும். மேனேஜர் கத்துவார், கெஞ்சுவார், இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடட்டும் என்பார். கேட்கக் கூடாது. இருபது வருடமாக நான் கேட்டதில்லை.

ஒரே கணக்குக்கு என் தலை இப்போது மூன்று விடை காட்டியிருந்தது.

அதற்கு மேல் யோசிக்கவில்லை. காட்டின் முதல் மரங்கள் மூக்குக்கு நேராக வந்துவிட்டன. இடப்பக்கம் திருப்பினேன். "எறங்குறேன்க்கா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"பேசாத. எறங்குறதப் பாரு" என்றாள் அக்கா.

கம்பி

வயலில் இறங்குவதற்கு என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. காற்று எந்தப் பக்கம், தரை சரிவா, பயிர் உயரமா, ஆடு மாடு நிற்கிறதா, கம்பி ஓடுகிறதா. வாய்விட்டுச் சொன்னேன், மனத்துக்குள் சொன்னால் நழுவிவிடும் என்று பயம். தூரத்தில் ஒரு டிராக்டர் கிளப்பிய புழுதி கிழக்கே சாய்ந்தது. ஆகவே மேற்கு பார்த்து இறங்க வேண்டும். ஆடு இல்லை. சக்கரத்தை இறக்கினேன். இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்று மூன்று தடவை பார்த்தேன்.

கம்பி.

அந்த நாட்டுப் பண்ணைகளுக்கு மின்சாரம் ஒற்றைக் கம்பியில் வரும். கம்பங்கள் வெகுதூரத்துக்கு ஒன்றாக நிற்கும். மேலிருந்து கம்பி கண்ணுக்கே தெரியாது. கம்பத்தைத்தான் தேட வேண்டும். பண்ணை வீட்டுப் பக்கம் ஒன்று நின்றது. அடுத்தது எங்கே? நானூறு அடியில் கடைசித் திருப்பத்துக்குள் நுழையும்போதுதான் வயலின் அந்தக் கோடியில், ஒரு மரத்தோடு ஒட்டி, இன்னொரு கம்பத்தின் நிழல் தெரிந்தது. வீட்டுக்கும் மரத்துக்கும் நடுவில், நான் இறங்கப் போகும் பாதைக்குக் குறுக்கே, கம்பி இருந்தாக வேண்டும்.

வேகமாக இறங்குவதற்காக இறக்கைமேல் தூக்கியிருந்த தடுப்புப் பலகைகளைச் சட்டென்று மூடினேன். கிளைடர் கொஞ்சம் மிதந்தது. வலப்பக்கம் சாய்த்து, கம்பிக்கு இந்தப் பக்கமே முடிந்துவிடும் மூலைக்கு வந்தேன். சக்கரம் தரையைத் தொட்டது. அறுத்த கோதுமைத் தாள்கள் நொறுங்கும் சத்தம். குதித்தது, மறுபடி தொட்டது, ஓடியது. பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்தேன். நின்றது. ஒரு இறக்கை மெல்லத் தரையில் சாய்ந்தது.

அண்ணாந்து பார்த்தேன். கண்ணாடி மூடிக்கு மேலே, இருபதடி முன்னால், வானத்தில் ஒரு கோடு.

நாக்கைத் தூக்கு

கைபேசியில் நான் அனுப்பிய இடத்தைப் பார்த்து அக்கா முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். நான் இறக்கையின் நிழலில் படுத்திருந்தேன். என்னைத் திட்டவில்லை. ஒரு போத்தல் தண்ணீரில் சீனியும் உப்பும் போட்டுக் கலக்கினாள். நான் குடித்து முடிக்கும் வரை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாயத் திற."

திறந்தேன்.

"நாக்கத் தூக்கு."

தூக்கினேன். பார்த்துவிட்டு, தரையில் அப்படியே உட்கார்ந்துகொண்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். காலையில் நான் மேலே போன பிறகு, வழக்கப்படி டிரெய்லரைக் காரில் கட்ட நகர்த்தியிருக்கிறாள். அதன் பின்னால் மண் ஈரம். அந்தக் காய்ந்த வெளியில், அங்கே மட்டும் நாலைந்து பச்சைப் புல் தலைநீட்டியிருந்தது. பூசம் நெருங்குவதும், நாய் என்னை விட்டு அகலாததும் அப்போதுதான் அவளுக்குச் சேர்ந்து புரிந்ததாம்.

"முப்பது வருஷம் மாத்திரைய நாக்குக்கு அடியில ஒளிக்கிறவங்களப் பாத்திருக்கேன். வீட்டுலயே ஒருத்தி இருக்கான்னு தெரியாமப் போச்சு."

"கூப்பிட்டிருக்கலாமேக்கா."

"கூப்பிட்டேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க கூப்பிட்டேன். நீ எட்டாத தூரத்துல இருந்த. நாலு மணி நேரம், பாப்பா."

தண்ணீர் உள்ளே போனதும் தலை தெளிந்தது. இரண்டாயிரத்து எண்ணூறில் எழுநூறு போனால் இரண்டாயிரத்து நூறு. ஒரு நொடி ஆகவில்லை. அன்றைய எதிர்காற்றில் ஓடுபாதையை எட்ட இரண்டாயிரத்து நானூறாவது வேண்டும். விரலால் மண்ணில் கோடு கிழித்துப் பார்த்தேன். காட்டின் கடைசி இரண்டு கிலோமீட்டரை நான் தாண்டியிருக்க மாட்டேன். அக்காவிடம் அதைச் சொல்லாமல் கோட்டை அழித்துவிட்டேன்.

மன்றத்துக்குத் திரும்பியதும் போட்டி நடத்துபவர் ஒருவர் வந்து, அலைவரிசையில் அவ்வளவு நேரம் என்ன மொழியில் என்ன பேசினீர்கள் என்று விசாரித்தார். "கணக்கு" என்றாள் அக்கா. முடிவுப் பட்டியலில் எனக்குக் கீழே ஒரே ஒருவர் இருந்தார். அவர் மூன்றாம் நாளே காய்ச்சலில் விலகியவர்.

தைப்பூசத்தன்று

ஈப்போவுக்கு வந்த பிறகு, பால்குடப் பேச்சை நான் எடுக்கவில்லை. கேட்டது கிடைக்கவில்லை, விரதமும் வயலிலேயே முறிந்துவிட்டது. எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டிலேயே இருந்தேன்.

பூசத்தன்று விடிந்ததும் கதவைத் தட்டும் சத்தம். அக்கா மஞ்சள் சேலையில் நின்றாள். அவளை அந்த நிறத்தில் பார்த்து இருபத்தெட்டு வருடம். பின்னால் காருக்குள் அத்தான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"கெளம்பு. புந்தோங் கோயில்ல கூட்டம் சேந்துரும்."

"என் வேண்டுதல் நடக்கலையேக்கா."

"ஒன்னோடது நடக்கல. என்னோடது நடந்துருச்சு."

எனக்குப் புரியவில்லை.

"அந்த நாலு மணி நேரத்துல நான் யாரையெல்லாம் கூப்பிட்டேன்னு எனக்கே தெரியாது. ஏசப்பாவக் கூப்பிட்டேன். முருகனையும் கூப்பிட்டேன். ஜெயிக்க வைன்னு கேக்கல. அவள எங்கயாவது எறக்கி விடு, தரையில, முழுசான்னுதான் கேட்டேன். யாரு எறக்கி விட்டாங்கன்னு தெரியல. போன ஞாயிறு அங்க போயிட்டு வந்துட்டேன். இன்னைக்கி இங்க."

"அத்தான்?"

"அவருதான் காரு ஓட்டுறாரு."

கூட்டத்தில் அக்கா பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். மூன்று நாள் சைவமாக இருந்திருக்கிறாள். ஆனால் தண்ணீரில் குறை வைக்கவில்லை, அதை அவளே இரண்டு தடவை சொன்னாள். உறுமி மேளம் காதைப் பிளந்தது. தார்ச்சாலை காலைச் சுட்டது. கிந்தாப் பள்ளத்தாக்கின் வெயிலுக்குச் சுண்ணாம்பு மலைகள் கண்ணைக் கூசவைத்தன. நான் கையில் தண்ணீர்ப் போத்தலோடு அவளுக்குப் பக்கத்திலேயே போனேன். ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் அவளுக்கு இரண்டு வாய் ஊட்டினேன். குடத்திலிருந்து ஒரு சொட்டுப் பால் வழிந்து அவளுடைய நெற்றியில் இறங்கியது. துடைக்கப் போனேன், வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

கோயில் வளைவு தெரிந்த இடத்தில் நின்றாள். தலையைத் திருப்ப முடியாது, குடம் இருக்கிறது. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள்.

"நீ குடிச்சியா?"

"குடிச்சேன்க்கா."

அவள் நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நான் அந்த நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க, போத்தலில் மிச்சமிருந்ததைக் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அவள் முகத்துக்கு நேராகப் போய் நின்று, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.